கோழிக்கும் ஒரு கோட்டை

முன்னுரை

நம் சிற்றூர்களில் கோழி இல்லாத வீடு அரிது. பொழுது விடிவதை முதலில் சொல்வது சேவல். களத்தில் சிந்திய தானியத்தை வீணாக்காமல் பொறுக்குவது பெட்டை. திடீரென்று விருந்தினர் வந்தால் வீட்டின் மானத்தைக் காப்பதும் கோழிதான். நமக்கு அண்மையிலுள்ள உறையூர் சோழர்களின் பழைய தலைநகராக விளங்கியது. அவ்வூருக்குக் ‘கோழி’ என்றே ஒரு பெயர் உண்டு. சேவல் ஒன்று யானையை எதிர்த்து வென்ற இடம் அது என்பதால் அங்கே தலைநகரை அமைத்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை.

யானையை வென்ற இனமாக இருந்தாலும், இருட்டிவிட்டால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. இருந்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும். கையால் எடுத்தாலும் ஓடாது. அந்த நேரத்தில் வரும் மரநாய்க்கோ பூனைக்கோ அது எளிதான இரை. ஆகவேதான் நம் முன்னோர் கோழிக்கு ஒரு கூடு வேண்டும் என்று அறிந்தார்கள்.

ரஞ்சன்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிறந்து வளர்ந்த நாங்கள், நாள்தோறும் பார்க்கும் இந்தக் கோழிக் கூட்டைப் பற்றியே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். பழைய சிறு கூண்டை மாற்றி, பெரியதும் பாதுகாப்பானதுமான ஒரு கூட்டையும், அதனோடு சேர்ந்த அடைப்புத் திடலையும் எப்படி அமைக்கலாம்? நாங்கள் பள்ளியில் கற்ற அறிவியலும் கணிதமும் வரலாறும் இதற்கு உதவுகின்றன.

ஒரு பெட்டைக் கோழியின் மதிப்பு

ஒரு கோழி போய்விட்டால், ‘ஒரு கோழிதானே’ என்று சிலர் சொல்வதுண்டு. சந்தை விலையை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் வீட்டுக் கணக்கு வேறு.

நாட்டுக்கோழி ஒரு ஈட்டிற்கு ஏறக்குறைய 10 முதல் 15 முட்டைகள் இடும். ஆண்டுக்கு நான்கைந்து ஈடுகள் வைத்தால் 40 முதல் 75 முட்டைகள் கிடைக்கும். அவற்றுள் ஓர் ஈட்டை அடைக்கு வைத்தால் 21 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அக்குஞ்சுகளுக்குத் தீனி பொறுக்கக் கற்றுக் கொடுப்பதும், பருந்தைக் கண்டால் குரல் கொடுத்துச் சிறகுக்குள் அழைப்பதும் தாய்க்கோழியே. எனவே ஒரு பெட்டை போனால் ஓராண்டு முட்டையும், இனி வரவேண்டிய குஞ்சுகளும், அவற்றை வளர்க்கும் தாயும் ஒன்றாகப் போகின்றன.

மேலும், கோழிப் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பணம். வயல் வருமானம் கடனுக்கும் உரத்திற்கும் போய்விடும். முட்டை விற்ற காசு அம்மாவின் கடுகு டப்பாவிலும் அப்பாயியின் சுருக்குப் பையிலும் சேரும். ‘சிறுவாடு’ என்று சொல்லப்படும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எங்களில் பலருக்கு நோட்டுப் புத்தகமும் பேனாவும் சீருடைத் தையற்கூலியும் வந்திருக்கின்றன. யாரிடமும் கேட்காமல் ஒரு பெண் எடுத்துச் செலவு செய்யக்கூடிய பணம் அது. ஓர் இரவில் கூடு காலியானால் அந்தப் பையும் காலியாகிறது. கூட்டைப் பற்றி எழுத எங்களைத் தூண்டியது இதுவே.

கோழியின் இயல்பு

ஒரு வீட்டைக் கட்டுமுன் அதில் குடியிருப்பவரின் இயல்பை அறிய வேண்டும். நம் வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. தென்கிழக்கு ஆசியாவில் நெல்லும் தினையும் விளைந்த இடங்களை நாடி வந்த காட்டுக்கோழிகள் மனிதரோடு பழகின என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தாய்லாந்து நாட்டில் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புகளே மிகப் பழைய வீட்டுக் கோழியின் எலும்புகள் என்று 2022ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். நம் தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கும் இதில் பங்கு உண்டு. பல கோழிகளின் கால்களிலும் தோலிலும் காணும் மஞ்சள் நிறம் அதனிடமிருந்து வந்தது என்று 2008ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள்.

காட்டுக்கோழி பகலில் தரையைக் கிளறும். இரவில் மரக்கிளையில் ஏறி உறங்கும். எத்தனை தலைமுறை வீட்டில் வாழ்ந்தும் நம் கோழி இந்த இரண்டையும் மறக்கவில்லை. மாலையானதும் முருங்கை மரத்திலோ மாட்டுக் கொட்டகையின் விட்டத்திலோ அது ஏறிக்கொள்வதை நாம் பார்க்கிறோமே, அது காட்டு நினைவுதான். ஆகையால் கோழிக்கு இரண்டு இடங்கள் தேவை: பகலில் கிளற ஒரு தரை, இரவில் ஏறி உட்கார ஓர் உயரமான கொம்பு.

மற்றோர் இயல்பும் உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெருப்-எப்பெ என்பவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதத் தொடங்கியவர். எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்பதில் ஒரு வரிசை முறை இருப்பதை அவர் 1921ஆம் ஆண்டில் விளக்கினார். வரிசையில் மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தி விரட்டும்; கீழே இருப்பது விலகிப் போகும். விலகிப் போக இடம் இருந்தால் சண்டை அத்துடன் முடிந்துவிடும். இடம் இல்லாவிட்டால் கொத்து வாங்கியதே மேலும் மேலும் வாங்கி, இறகு உதிர்ந்து, தீனி கிடைக்காமல் மெலியும். கூடு பெரியதாக இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பழைய கூண்டின் குறைகள்

நம் ஊர்களில் மூன்று வகையான கூண்டுகளைக் காண்கிறோம். முதலாவது, மூங்கில் சிம்புகளால் பின்னிய பஞ்சாரம். தாயையும் குஞ்சுகளையும் பகலில் கவிழ்த்து வைக்க இதைவிடச் சிறந்தது இல்லை. காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும். எளிதாக இடம் மாற்றலாம். ஆனால் இரவில் ஒரு நாய் முட்டினால் புரண்டுவிடும். இரண்டாவது, திண்ணைக்கு அடியிலோ சுவர் ஓரத்திலோ மண்ணாலும் கல்லாலும் கட்டி, வாயில் ஒரு பலகையைச் சாத்தி வைக்கும் கூடு. இது உறுதியானது. ஆனால் காற்று புகாது; உள்ளே கையை விட்டுக் கூட்டிப் பெருக்க முடியாது; எச்சம் ஈரத்தோடு கிடந்து நாற்றமெடுக்கும். மூன்றாவது, பழைய மரப்பெட்டிக்கு முன்புறம் மெல்லிய வலை அடித்த கூண்டு. இதில் காற்று வரும், பகைவரும் வருவர்.

நான்கு கோழிகளுக்காகச் செய்த பெட்டியில் பன்னிரண்டு கோழிகளை அடைப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, கூண்டு மட்டும் வளரவில்லை. இந்த நெருக்கடியே கூட்டை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கு முதல் அடையாளம். காலையில் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி, கோழிகளின் பிடரியில் இறகு உதிர்ந்திருப்பது, கதவின் அடியில் புதிதாகத் தோண்டிய மண் ஆகியவை பிற அடையாளங்கள்.

அடைப்பவரின் கடமை

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மரத்தில் உறங்கும் கோழியை ஒரு மரநாய் பிடித்தால், மற்றவை கலைந்து பறந்து தப்பிக்க ஒரு வாய்ப்பு உண்டு. ஓட்டையான கூண்டில் அது புகுந்துவிட்டால் ஒன்றுக்கும் தப்ப வழியில்லை. கோழிகள் அலறிச் சிறகடிக்க, அந்தப் பரபரப்பில் விலங்கு தான் தின்னக்கூடிய ஒன்றோடு நிற்காமல் அகப்பட்டதையெல்லாம் கடித்துப் போடுவதுண்டு. காலையில் போய்ப் பார்த்தால், தின்றது ஒன்று, செத்தது எட்டு என்று கிடக்கும். இத்தகைய காலைகளை எங்கள் தெருக்களில் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆகவே ஓட்டையுள்ள கூண்டு, கூண்டே இல்லாததைவிடக் கொடியது. ஓர் உயிரை நாம் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தும்போது, அது தானே தப்பித்துக்கொள்ளும் உரிமையை நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணமே அதைக் காக்கும் கடமை முழுவதும் நம்முடையதாகிறது. பெரிய கூடு கட்டும் ஆசையில் பாதுகாப்பைக் குறைத்தால் இழப்பும் பெரியதாகும். பாதுகாப்பு என்ற பெயரில் இடத்தைச் சுருக்கினால் கூடு சிறையாகும். இரண்டையும் சேர்த்தே கட்ட வேண்டும்.

பகைவர் யாவர்?

நம் பகுதியில் கோழிக்குப் பகைவர் பலர். ஒவ்வொருவருக்கும் ஒரு நேரமும் ஒரு வழியும் உண்டு.

கீரி பகலில் வரும். மண்ணைத் தோண்டுவதில் வல்லது. தலை நுழையும் சந்து இருந்தால் உடலும் நுழைந்துவிடும். மரநாய் இரவில் வரும். மரத்திலும் கூரையிலும் ஏறி, ஓட்டை நகர்த்தியும் கீற்றைப் பிரித்தும் இறங்கும். காட்டுப்பூனை இருட்டில் ஓசையின்றி வரும். தெருநாய் கூட்டமாக வந்து மெல்லிய வலையைப் பல்லால் இழுத்துக் கிழிக்கும். சாரைப்பாம்பு முட்டைக்கும் சிறு குஞ்சுக்கும் வரும். பருந்தும் வைரியும் காக்கையும் வானத்திலிருந்து குஞ்சுகளைக் கவ்வும். எலி, தீனிக்காக வந்து வளை தோண்டும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

இவற்றைப் பொறிவைத்தும் அடித்தும் கொன்றுவிடலாம் என்று சிலர் எண்ணலாம். அது சரியான வழியன்று. கீரியும் சாரையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. தவிரவும், வயலில் எலியைக் குறைத்து நம் மக்காச்சோளத்தைக் காப்பவையும் அவையே. பகைவனை ஊரைவிட்டு விரட்டுவதைவிட, நம் மதிலைச் சரியாகக் கட்டுவதே அறிவுடைமை.

கோட்டை கற்பிக்கும் பாடம்

மதில் என்றதும் எங்கள் ஊர்க் கோட்டை நினைவுக்கு வருகிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் செல்வோர் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். ஆர்க்காட்டு நவாபின் கீழிருந்த ஒரு ஜாகீர்தாரால் 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கர்நாடகப் போர்க் காலத்தில், 1751ஆம் ஆண்டில், இப்பகுதியில் நடந்த வாலிகொண்டாப் போர் இக்கோட்டையோடு தொடர்புடையது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

நீண்ட வடிவமுள்ள இக்கோட்டையைச் சுற்றி அகழி உண்டு. அரைவட்டக் கொத்தளங்கள் உண்டு. செதுக்கிய கற்களால் ஆன மதில்கள் வெவ்வேறு உயரங்களில் மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளன. கீழ்ப்பகுதியைப் பேட்டை என்றும் மேல்பகுதியைக் கோட்டைமேடு என்றும் சொல்வார்கள். பரந்த கீழ்ப்பகுதியில் நடமாடலாம். ஆபத்து நெருங்கினால் உயர்ந்த மேல்பகுதிக்குப் பின்வாங்கலாம்.

கோழிக்கும் இதே அமைப்புதான் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. அடைப்புத் திடல் பேட்டை. இரவு வீடு கோட்டைமேடு. வலையின் அடியில் மண்ணுக்குள் செய்யும் தடுப்பு அகழி. தாழ்ப்பாள் கோட்டைக் கதவு. ஒரு தடுப்பைக் கடந்த பகைவன் அடுத்த தடுப்பில் நிற்க வேண்டும்.

இடம் எவ்வளவு வேண்டும்?

இரவில் மட்டும் அடைப்பதாக இருந்தால் வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றுக்கு 1½ முதல் 2 சதுர அடி தரை போதுமானது. பகலில் உலாவும் திடலில் ஒன்றுக்கு 10 சதுர அடியாவது வேண்டும். பன்னிரண்டு கோழிகள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

இரவு வீடு: 12 × 2 = 24 சதுர அடி. ஆகவே 6 அடி நீளமும் 4 அடி அகலமும் போதும்.

திடல்: 12 × 10 = 120 சதுர அடி.

இனி வலை எவ்வளவு வாங்குவது? இங்கேதான் நாம் படிக்கும் பரப்பளவும் சுற்றளவும் பயன்படுகின்றன. 40 அடி வலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 15 அடிக்கு 5 அடியாக நிறுத்தினால் பரப்பு 75 சதுர அடி. 12 அடிக்கு 8 அடியானால் 96 சதுர அடி. 10 அடிச் சதுரமானால் 100 சதுர அடி. சுற்றளவு ஒன்றாக இருக்கும்போது செவ்வகங்களில் சதுரமே அதிகப் பரப்பைத் தரும் என்ற விதியை இங்கே காண்கிறோம். ஆயினும் 100 சதுர அடி நமக்குப் போதாது. 120 வேண்டுமானால் 11 அடிச் சதுரமும் 44 அடி வலையும் தேவை.

இப்போது வீட்டின் பின்சுவரையே ஒரு பக்கமாக வைத்துக்கொள்வோம். மூன்று பக்கம் மட்டும் வலை போதும். சுவரிலிருந்து 8 அடி, சுவரை ஒட்டி 16 அடி, மீண்டும் 8 அடி. மொத்தம் 32 அடி வலை; பரப்போ 128 சதுர அடி! சுவரைத் துணை கொண்டதால் 12 அடி வலை மிச்சமாகிறது. அந்த மிச்சத்தை அடித்தடுப்புக்குப் பயன்படுத்தலாம். ‘கணக்குப் படித்து என்ன பயன்?’ என்று கேட்கும் தங்கைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இரவு வீடு

இரவு வீட்டைத் தரையிலிருந்து இரண்டு அடி உயர்த்திக் கட்டுவது நல்லது. நான்கு கல் தூண்களோ செங்கல் கால்களோ போதும். அடியில் காற்று ஓடும், மழைநீர் புகாது, எலி ஒளிய இடமிருக்காது. வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அப்படி அமைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் படும். நீண்ட பக்கங்கள் வழியே காற்று வரும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. பெரம்பலூர்ப் பகுதியின் சித்திரை வெயிலில் காற்றில்லாத கூடு அடுப்புக்குச் சமம். கீழ்ப்பாதியைப் பலகையாலோ சுவராலோ அடைத்து, மேல்பாதியைக் கம்பி வலையாக விட வேண்டும்.

கூரைக்கு ஓடு நல்லது. ஆனால் ஓட்டுக்கு அடியில் வலையை விரித்து அடித்துவிட வேண்டும். கீற்று குளிர்ச்சி தரும். ஆனால் பாம்பும் எலியும் அதில் தங்கும். கீற்று வேய்பவர்களும் அடியில் வலை அடிப்பது அவசியம்.

உள்ளே ஏறி உட்காருவதற்கு இரண்டு அங்குலத் தடிமனுள்ள கொம்புகளைக் கட்ட வேண்டும். முனைகளை மழுக்கிவிட வேண்டும். கோழி ஒன்றுக்கு 9 அங்குலம் என்று கணக்கிட்டால் பன்னிரண்டுக்கு 9 அடி. ஆறடி வீட்டில் இரண்டு கொம்புகள் கட்டினால் 12 அடி கிடைக்கும். இரண்டையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் இருந்தால், எல்லாக் கோழிகளும் உயரத்திற்கே போட்டியிடும். முட்டையிட நான்கைந்து பெட்டைகளுக்கு ஒன்று வீதம் ஓர் அடிச் சதுரப் பெட்டிகளை வைக்கோல் பரப்பி வைக்க வேண்டும். பெட்டிகள் கொம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரமாக வைத்தால் கோழி அதிலேயே உறங்கி அசுத்தம் செய்துவிடும்.

தரையில் நெல் உமியையோ கடலைத் தோலையோ மரத்தூளையோ மூன்று நான்கு அங்குலம் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். ஈரமான பகுதியை உடனே அள்ளிவிட வேண்டும். அள்ளியதைக் குப்பைக்குழியில் மக்கவைத்தால் சின்ன வெங்காய வயலுக்கு நல்ல எரு.

பகல் திடல்

கடையில் ‘கோழி வலை’ என்று கேட்டால் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலையைத் தருவார்கள். பெயரைக் கண்டு மயங்கக் கூடாது. அது கோழியை உள்ளே வைத்திருக்கும். நாயை வெளியே வைத்திருக்காது. கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டியான வலையைத் தரையிலிருந்து மூன்று அடி வரையிலாவது அடிக்க வேண்டும். அதன் கண் அரை அங்குலமாக இருந்தால் கீரியின் தலையும் எலியும் நுழையா. அதற்கு மேலுள்ள பகுதிக்கும், வானத்தை மூடவும் மெல்லிய வலை போதும். பணத்தை எங்கே செலவிட வேண்டும், எங்கே சேமிக்கலாம் என்பது இதில் அடங்கியுள்ளது. இரவு வீட்டின் திறப்புகளுக்கோ கெட்டியான வலையையன்றி வேறெதையும் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது அகழி. வலையை மண்ணுக்குள் ஓர் அடி ஆழம் புதைக்கலாம். அல்லது வலையின் அடியை வெளிப்புறமாக மடக்கி, ஒன்றரை அடி அகலத்திற்குத் தரைமேல் விரித்து, அதன்மேல் கற்களை அடுக்கலாம். நம் வட்டாரத்தில் கரிசல் மண் உள்ள இடங்களில் இரண்டாவது வழியே ஏற்றது. கரிசல் மழையில் உப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். புதைத்த வலை அந்த வெடிப்பில் வெளியே தெரிந்துவிடும். விரித்த வலை அப்படி ஆவதில்லை. தோண்ட வரும் விலங்கு சுவரின் காலடியில்தான் தோண்டும். அங்கே கல்லும் கம்பியும் தட்டுப்பட்டால், ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்டலாம் என்ற யோசனை அதற்கு வருவதில்லை.

திடலுக்குள் நிழல் வேண்டும். முருங்கையோ அகத்தியோ ஓரத்தில் நட்டால் நிழலோடு கீரையும் கிடைக்கும். ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டினால் கோழிகள் அதில் புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். தீனிக்கும் தண்ணீருக்கும் இரண்டிரண்டு பாத்திரங்களை எதிரெதிர் மூலைகளில் வைக்க வேண்டும். அப்போது வரிசையில் கடைசியில் உள்ள கோழியும் வயிறார உண்ணும். மிஞ்சிய தீனியை மாலையில் எடுத்துவிட்டால் எலி வராது.

தாழ்ப்பாளை மறக்கக் கூடாது. கயிற்றால் கட்டுவதும் கல்லை முட்டுக் கொடுப்பதும் போதா. தாழைப் போட்டு, அதன் துளையில் ஓர் ஆணியைச் செருகிவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

எவ்வளவு உயர்ந்த மதிலும் தடுக்க முடியாத பகைவன் ஒருவன் உண்டு. அவன் நோய். வெள்ளைக் கழிச்சல் என்று நம் ஊரில் சொல்லும் நோய்க்கு ராணிக்கெட் என்றும் பெயர் உண்டு. 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஜாவாத் தீவிலும் காணப்பட்டு, அடுத்த ஆண்டே இந்தியாவில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் வந்தது. ஒரு கோழிக்கு வந்தால் தெருவையே காலி செய்துவிடும். வந்த பின் மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசி உண்டு. குஞ்சு பொரித்த ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டு வாரம் ஆனதும் ஊசியும் போட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டி இரண்டு வார இலவச முகாம் நடத்துவது வழக்கம். அம்முகாம் நாளை வீட்டில் நினைவூட்டுவது நம் கடமை.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றே கூட்டில் சேர்க்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் பஞ்சாரத்தில் தனியே வைத்துப் பார்த்த பின்பே சேர்க்க வேண்டும். கூடு பெரியதானபின் இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். கோழிகள் பெருகும்போது நோயும் விரைவில் பரவும். ஆண்டுக்கு இருமுறை சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, கொம்புகளின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் செஞ்சிலந்தி உண்ணிகளையும் போக்க வேண்டும்.

புதுக் குடியேற்றம்

புதிய கூடு கட்டி முடித்தாலும் கோழிகள் அன்று மாலையே அதில் ஏறிவிடா. பழகிய இடத்திற்கே போய் நிற்கும். ஆகவே முதல் நாள் இருட்டியபின் அவற்றை எடுத்துப் புதுக் கொம்பில் உட்கார வைக்க வேண்டும். பின்னர் மூன்று நான்கு நாட்கள் புதுக் கூட்டையும் திடலையும் விட்டு வெளியே விடாமல் அங்கேயே தீனி வைக்க வேண்டும். அதன் பிறகு கதவைத் திறந்துவிட்டாலும் மாலையானதும் தாமே வந்து ஏறும். பழைய கூண்டையும் உடனே பிரித்துவிடுவது நல்லது.

அன்றாட வேலை அதிகமில்லை. காலையில் திறக்கும்போது கோழிகளை எண்ணுதல், தண்ணீர் மாற்றுதல், வலையின் காலடியைச் சுற்றிவருதல், மாலையில் எண்ணி அடைத்தல் ஆகியவையே. ‘விளக்கு வச்சாச்சு, கோழிய அடைச்சியா?’ என்று அப்பாயி கேட்கும் குரல் எங்கள் வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது. பாடம் படித்துக்கொண்டிருந்தாலும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

செலவைப் பற்றி

‘விரலுக்கேற்ற வீக்கம்’ என்பது முதுமொழி. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாதவர்கள் இரவு வீட்டை முதலில் உறுதியாக்க வேண்டும். பழைய சன்னல் கம்பி, பனஞ்சட்டம், உடைந்த கடப்பைக் கல் ஆகியவை நம் கொல்லையிலேயே கிடக்கின்றன. அடுத்த அறுவடையில் திடலின் கீழ்வலை, பிறகு மேல்வலை என்று படிப்படியாகச் செய்யலாம். அதுவரை திடலைச் சுற்றிக் கருவேல முள் அடைக்கலாம். ஆட்டுப்பட்டிக்கு நம்மவர் காலங்காலமாகச் செய்வது அதுதானே. 2014-15இல் தொடங்கிய தேசியக் கால்நடை இயக்கத்தில், ஏழைக் குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சுகளோடு இரவுக் கூண்டுக்கும் சேர்த்தே உதவி வழங்கினார்கள். கூண்டில்லாமல் குஞ்சு மட்டும் கொடுத்தால் பயனில்லை என்பதை அரசும் உணர்ந்ததற்கு இது சான்று.

முடிவுரை

கோழிக் கூட்டைச் சிறிய செய்தி என்று எண்ணக் கூடாது. இயற்கையை அறிய விலங்கியலும், வலையை அளக்கக் கணிதமும், மதிலைப் புரிந்துகொள்ள வரலாறும் இதற்கு வேண்டியிருந்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, நம் கையில் உள்ள உயிர்களுக்கு நாமே பொறுப்பு என்ற எண்ணம் வேண்டும்.

தோழியரே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுக் கூட்டின் முன் ஓர் அளவுகோலோடு உட்காருங்கள். எத்தனை சதுர அடி, எத்தனை கோழி, எத்தனை ஓட்டை என்று குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் அந்தக் கணக்கைக் கொண்டுவந்து காட்டும்போது, ‘கோழிதானே’ என்று சொல்லாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். வலைக்குச் செலவாகும் பணம், இரண்டு மூன்று ஈட்டுக் குஞ்சுகள் பிழைத்தால் திரும்பிவிடும். வீட்டுப் பெண்களின் சுருக்குப் பையும் நிறைந்திருக்கும்.